சத்தம் போடாமல் எஃகுக் குழாய் பைல் இறக்குவது

பைல் என்பது கட்டுமானத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண். டீசலில் ஓடும் பெரிய சுத்தியலான டீசல் ஹேமரால் அதை அடித்த காலத்தில் ஊருக்கே தொந்தரவு. ஆனால் இன்ஜினியருக்கு ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் பைல் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்த்தாலே, கீழே என்ன மண், அது எவ்வளவு தாங்கும் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். கடைசிப் பத்து அடிக்கு இறங்கிய அளவைக் குறித்துக்கொண்டு, நிறுத்துவதா இன்னும் அடிப்பதா என்று அங்கேயே முடிவெடுப்பார்கள். சத்தத்தை நிறுத்தியபோது அந்த அளவுகோலும் கையை விட்டுப் போய்விட்டது. ஓசையில்லாத முறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டெசிபெல் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். போன அளவுகோலுக்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் எதைக் கையில் வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது.

இந்த முறைகளில் பெரும்பாலானவை ஜப்பானில் வளர்ந்தவை. அங்கே இரைச்சல் ஒழுங்குமுறைச் சட்டம் 1968இலும் அதிர்வு ஒழுங்குமுறைச் சட்டம் 1976இலும் வந்தன. பைல் அடிக்கும் வேலைக்குத் தள எல்லையில் இரைச்சல் 85 டெசிபெல், அதிர்வு 75 டெசிபெல் வரம்பு. வீடுகள் நெருங்கிய பகுதி, பள்ளி, மருத்துவமனைச் சுற்றுப்புறம் என்றால் மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை வேலை கூடாது. ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரே இடத்தில் தொடர்ந்து 6 நாளுக்கு மேல் கூடாது. ஞாயிறும் விடுமுறை நாட்களும் கூடாது. இரைச்சல் சட்டத்தின் பட்டியலில் இரண்டு முக்கிய விலக்குகள் உண்டு: அழுத்தி இறக்கும் யந்திரம் ஒன்று, திருகுபோல் மண்துளைக்கும் ஆகரோடு சேர்த்துச் செய்யும் பைல் வேலை மற்றொன்று. இன்றைய ஓசையில்லாத முறைகளில் பெரும்பான்மை இந்த இரண்டு விலக்குகளுக்குள் அடங்கிவிடும். ஒன்று அழுத்து, இல்லையென்றால் தோண்டிக்கொண்டே இறக்கு.

எந்த முறையானாலும் முதலில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கீழே தள்ளும் விசைக்கு எதிர்விசை எங்கிருந்து வருகிறது? பைல் இறங்கும் இடத்தில் இருந்த மண் எங்கே போகிறது? பைல் போதுமான ஆழத்துக்குப் போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்வது? மூன்றாவதற்கு உருப்படியான பதில் கிடைக்காமல் முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அழுத்தி இறக்குவது

ஜப்பானின் ஷிகோகு தீவில் கோச்சி என்று ஒரு நகரம் (நம் பக்கத்துக் கொச்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அங்கே கிகென் நிறுவனத்தைத் தொடங்கிய அகியோ கிதாமுரா 1975இல் 'சைலண்ட் பைலர்' என்ற யந்திரத்தைக் கொண்டுவந்தார். அதன் யோசனை எளிமையானது. ஏற்கெனவே மண்ணில் இறங்கிய பைலைப் பிடுங்குவது மிகக் கடினம். அந்தப் பிடிப்பையே எதிர்விசையாக எடுத்துக்கொண்டால், மேலே பெரிய பாரம் ஏற்ற வேண்டியதில்லை. யந்திரம் தன் கிளாம்ப்களால் இறங்கி முடிந்த மூன்று நான்கு பைல்களின் தலையைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் நீட்டிய சக் என்ற பிடிப்பான் அடுத்த பைலைப் பிடித்து ஹைட்ராலிக் விசையால் கீழே தள்ளுகிறது. ஒரு பைல் முடிந்ததும் கிளாம்பை விட்டு, ஒரு பைல் தூரம் முன்னே நகர்ந்து, மறுபடி பிடித்துக்கொள்கிறது. தரையில் பாதை வேண்டாம், மேடை வேண்டாம். வரப்பு மேல் நடப்பதுபோலத் தான் இறக்கிய பைல் வரிசை மேலேயே நடந்து போகும். கால்வாய் ஓரத்திலும் ரயில் பாதையை ஒட்டியும் இந்த யந்திரம் எடுபடுவதற்கு அதுதான் காரணம்.

எதிர்விசை போதுமா என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெளிவிட்டம் 1000 மி.மீ., சுவர்த் தடிப்பு 12 மி.மீ. கொண்ட குழாய்; மீட்டருக்கு 292 கிலோ எடை. மணலில் 12 மீட்டர் இறங்கியிருக்கிறது, மண்ணின் கெட்டித்தனத்தைச் சொல்லும் N மதிப்பு சராசரி 10. சதுர மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் உராய்வு என்று எடுத்தால், வெளிப்பரப்பு 37.7 சதுர மீட்டருக்கு 754 கிலோநியூட்டன், அதாவது 75 டன்னுக்குக் கொஞ்சம் மேல். மூன்று பைலைப் பிடித்தால் 230 டன். இதை அப்படியே நம்பக் கூடாது. தண்ணீர் பீய்ச்சியோ சுழற்றியோ இறக்கிய பைலைச் சுற்றி மண் கலங்கியிருக்கும். இறங்கி ஒரு நாள்கூட ஆகாத பைல் முழுப் பிடிப்பைக் கொடுக்காது. பாதியாகக் குறைத்து 115 டன் என்று வைத்து, அதற்குள் அழுத்துவிசை நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நல்லது.

வரிசையின் முதல் சில பைல்கள்தான் எப்போதும் தொல்லை. பிடித்துக்கொள்ள இறங்கிய பைல் எதுவும் இல்லை. அதனால் தரையில் எதிர்விசைச் சட்டம் ஒன்றைச் சமமட்டமாக வைத்து, அதன்மேல் பாரம் அடுக்கி, யந்திரத்தை அதில் உட்கார வைத்துத் தொடங்குகிறார்கள். இந்தச் சட்டம் ஒரு பக்கம் அரை அங்குலம் அமுங்கினால் முதல் பைல் சாயும். முதல் பைலின் சாய்வு வரிசை முழுக்கத் தொடரும். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. ரசமட்டம் பார்த்து, அடியில் ஜல்லி போட்டு இறுக்கி, முழுப் பாரம் ஏற்றிய பிறகு இன்னொரு தடவை மட்டம் பார்க்க வேண்டும்.

திறந்த வாய்க் குழாயை அழுத்தும்போது உள்ளே மண் ஏறும். கொஞ்ச ஆழம் போனதும் உள்ளே ஏறிய மண் குழாயின் சுவரோடு இறுகி, பாட்டில் தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு குழாய் மூடிய வாயுள்ள பைலைப்போல நடந்துகொள்கிறது. அழுத்துவிசை திடீரென்று ஏறுகிறது. அனுபவமில்லாதவர்கள் இதைத் தாங்கு அடுக்கு, அதாவது பைல் ஊன்றி நிற்க வேண்டிய கடினமான மண், வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அருகிலுள்ள மண்பரிசோதனைத் துளையின் பதிவில் அந்த ஆழத்தில் மண் தளர்வாக இருந்தால், வந்திருப்பது அடைப்பு. பைலைக் கொஞ்சம் மேலே இழுத்து மறுபடி அழுத்த வேண்டும். இப்படிப் பலமுறை ஏற்றி இறக்கினால் தக்கை தளரும். அதிலும் கேட்காவிட்டால் குழாயின் உட்பக்கம் முனைவரை ஒரு சிறு குழாய் கொண்டுபோய்த் தண்ணீர் பீய்ச்சலாம். தண்ணீர் இறங்குவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் தண்ணீரை நிறுத்திவிட்டு வெறும் அழுத்தத்திலேயே முடிப்பது பைலின் முனைக்கு நல்லது.

பூட்டு வைத்த குழாய் பைல்களில், அதாவது ஒன்றோடொன்று கோத்துச் சுவராக்கும் பைல்களில், இன்னொரு விவகாரம் உண்டு. புதிய பைல் இறங்கும்போது பூட்டில் உராய்ந்து பக்கத்துப் பைலையும் கூடவே கீழே இழுத்துக்கொண்டு போகும். நேற்று மட்டம் பார்த்து நிறுத்திய பைல் இன்று 50 மி.மீ. கீழே நிற்கும். உராய்வு கூடினால் பூட்டு சூடேறிப் புகையும், வாசனையே காட்டிக்கொடுக்கும். கிரீஸ் தடவி, பூட்டுக்குள் மணல் புகாமல் அடைத்து இறக்கினால் இது குறையும். ஏற்கெனவே இறங்கிய பைல்களின் தலைகளை ஒன்றோடொன்று தட்டு வைத்து வெல்டிங் செய்துவிட்டால், ஒன்று மட்டும் தனியாக அமுங்காது. பைல் வரிசை போகும் திசையில் விசிறிபோல் சாய்வதும் இந்தப் பூட்டு உராய்வால்தான்: ஒரு பக்கம் பிடிக்கிறது, மறு பக்கம் பிடிப்பதில்லை. இரண்டு திசையிலிருந்து கோணம் அளக்கும் தியோடலைட் வைத்துப் பார்த்து, சாய்வு 100க்கு 1ஐத் தாண்டுவதற்கு வெகு முன்பே திருத்த வேண்டும். 10 மீட்டர் இறங்கிய பிறகு திருத்துவது என்பது பெரும்பாலும் பைலை மேலே இழுத்து மறுபடி இறக்குவதுதான்.

சுழற்றி அழுத்துவது

வெறும் அழுத்தம் கடினமான மண்ணில் தோற்றுவிடும். அதனால் குழாயின் அடிவிளிம்பில் வெட்டுப்பற்களை வெல்டிங் செய்து, குழாயையே துளைக்கும் கருவியாக்கிச் சுழற்றிக்கொண்டே அழுத்தும் முறை வந்தது. ஜப்பானில் இதற்கு 'கைரோபிரஸ்' என்று பெயர். சரளை, பாறை, பழைய இரும்புக் கம்பிக் கான்கிரீட் என்று எதையும் வெட்டிக்கொண்டு போகும். பழைய கடற்சுவரை உடைக்காமல் அதன் ஊடாகவே புதிய பைலை இறக்கலாம் என்பது கரையோர வேலைகளுக்குப் பெரிய ஆதாயம். 1946 நான்காய் நிலநடுக்கத்தில் கோச்சியின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. அடுத்த பெரிய நிலநடுக்கத்தை எதிர்பார்த்து அந்தக் கரையின் அணைச்சுவர்களைப் பைல் வரிசைகளால் பலப்படுத்தியிருக்கிறார்கள். பழைய சுவர் அப்படியே நின்று கடலைத் தடுத்துக்கொண்டிருக்க, வேலை நடக்கிறது.

சுழலும் குழாய்க்குப் பூட்டு வைக்க முடியாது. பைலுக்கும் பைலுக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். பின்பக்கம் மண் வழியாமல் இருக்க, கோண எஃகுச் சட்டங்களை அந்த இடைவெளிக்குப் பின்னால் இறக்கி மூடுகிறார்கள். நீர் கசியவே கூடாத இடத்துக்கு இந்தச் சுவர் மட்டும் போதாது.

பற்கள் குழாய்ச் சுவரைவிடக் கொஞ்சம் வெளியே துருத்தி நிற்கும். அப்படி நிற்காவிட்டால் குழாய் மண்ணில் சிக்கிக்கொள்ளும். அதிகமாகத் துருத்தினால் பைலைச் சுற்றி இடைவெளி விழுந்து உராய்வு போய்விடும். தேய்ந்த பல்லின் அடையாளம்: அழுத்துவிசை ஏறும், முறுக்குவிசை ஏறாது, இறக்கம் நின்றுபோகும். அப்போது மேலும் அழுத்தினால் விளிம்பு நசுங்கும். மேலே எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. முனைக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவது பற்களைக் குளிரவைக்கவும் வெட்டிய துகளை நகர்த்தவும் மட்டுமே. கொட்டிவிட்டால் மண் சேறாகிவிடும்.

இந்த முறையில் அளவுகோல் யந்திரத்திலேயே இருக்கிறது. அழுத்துவிசை, முறுக்குவிசை, ஆழம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாம் தொடர்ந்து பதிவாகின்றன. ஆனாலும் யந்திரம் காட்டும் கடைசி அழுத்துவிசையும் பைலின் தாங்குதிறனும் ஒன்றல்ல. களிமண்ணில் பைல் இறங்கும்போது துளைநீர் அழுத்தம் (மண் துகள்களுக்கு நடுவே நிற்கும் நீரின் அழுத்தம்) ஏறி மண் வலுவிழந்து நிற்கும். நாட்கள் போகப் போக நீர் வடிந்து பிடிப்பு கூடும். இறக்கும்போது 80 டன் காட்டியது என்பதற்காக 80 டன் தான் தாங்கும் என்று எழுதினால் வீண்செலவு. அடர்ந்த வண்டல் மணலில் இதற்கு நேர்மாறாக, வேகமாக அழுத்தும்போது காட்டும் விசை பிறகு தளர்ந்துபோகலாம். அங்கே அதே எண்ணை நம்பினால் ஆபத்து.

உள்ளே தோண்டிக்கொண்டே இறக்குவது

குழாய்க்குள் நீண்ட ஆகரை நுழைத்து, முனைக்குக் கீழுள்ள மண்ணைத் தோண்டி மேலே ஏற்றிக்கொண்டே குழாயை இறக்குவது இரண்டாவது பெரிய குடும்பம். பாலங்களின் அடித்தளத்துக்கு ஜப்பானில் மிகுதியாகப் புழங்குவது இது. தாங்கு அடுக்கை அடைந்ததும் ஆகரின் தலையிலிருந்து சிமென்ட் பாலை (சிமென்டும் தண்ணீரும் கலந்த குழம்பை)ப் பீய்ச்சி, மண்ணோடு கலந்து, பைலின் காலடியில் ஒரு கட்டி உருவாக்குகிறார்கள். பைல் அந்தக் கட்டியில் ஊன்றி நிற்கும்.

இதில் கெட்டுப்போவதற்கு இடம் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஆபத்து, ஆகர் பைலை முந்திக்கொண்டு போவது. முனைக்குக் கீழே பைலின் விட்டத்துக்கு மேல் தோண்டிவிட்டால் சுற்றியுள்ள மண் உள்ளே சரியும், தரை அமுங்கும், பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழும். அதிர்வே இல்லாத முறையில் வீடு விரிசல் விடுவது இப்படித்தான். தளர்ந்த மணலில் இந்த முன்னோட்டத்தை இன்னும் குறைக்க வேண்டும். தாங்கு அடுக்குக்குள் நுழைந்த பிறகு முன்னால் தோண்டவே கூடாது, கட்டி உருவாக்கும் வேலையைத் தவிர.

இரண்டாவது, மணல் கொதிப்பு. குழாய்க்கு உள்ளே நீர்மட்டம் வெளியே இருப்பதைவிடத் தாழ்ந்தால், கீழிருந்து நீர் மணலையும் இழுத்துக்கொண்டு உள்ளே பொங்கும். ஆகரை வேகமாக மேலே தூக்கினாலும் இதே கதிதான்; பம்பின் பிஸ்டன்போல அது மணலை உறிஞ்சிவிடும். குழாய்க்குள் தண்ணீரை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலாக எப்போதும் நிரப்பி வைத்து, ஆகரை மெதுவாகத் தூக்கி, தூக்கும்போதே தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். மண்ணை மேலே ஏற்ற ஆகரின் நுனியிலிருந்து காற்று ஊதுவார்கள். அந்தக் காற்றைத் தாங்கு அடுக்கு நெருங்குவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் பைல் ஊன்ற வேண்டிய மணலே கலங்கிவிடும்.

மூன்றாவது சிமென்ட் பால். கட்டிக்கு நீர்–சிமென்ட் விகிதம் 60 முதல் 70 சதவீதம். 60 சதவீதத்தில் ஒரு கன மீட்டர் பால் வேண்டுமென்றால் சிமென்ட் 1090 கிலோ, தண்ணீர் 654 லிட்டர். நம்மூர் 50 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 22 மூட்டை. கலவையின் அடர்த்தி 1.74 வர வேண்டும். சேற்றுத் தராசு ஒன்று வைத்து ஒவ்வொரு தொட்டியிலும் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. அடர்த்தி 1.6க்குக் கீழே நின்றால் யாரோ தண்ணீரைக் கூட்டியிருக்கிறார்கள். பால் போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது என்று பம்ப் ஆட்கள் தண்ணீர் சேர்ப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். குழாய்ச் சுவரின் அடிப்பகுதியில் உட்புறமாக எஃகு வளையங்கள் வெல்டிங் செய்திருக்க வேண்டும். கட்டியும் குழாயும் ஒன்றாகச் சேர்ந்து நிற்பது அந்த வளையங்களால்தான். கீழே மண் ஒட்டிக்கொண்டிருந்தால் பால் அந்த வளையங்களைத் தொடாது. அதனால் பால் விடுவதற்கு முன் ஆகரின் தலையை ஏற்றி இறக்கி உட்சுவரைச் சுரண்டிவிட வேண்டும்.

இனி மூன்றாவது கேள்வி. தாங்கு அடுக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ஆகர் மோட்டாரின் மின்னோட்டம். மண் கடினமானால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். பதிவுத்தாளில் கோடு எகிறும். இது நேரடி அளவல்ல, குறிப்பு மட்டுமே. ஆகரை வேகமாக இறக்கினாலும் கோடு எகிறும், களிமண் திருகில் ஒட்டிக்கொண்டாலும் எகிறும். அதனால் முதல் பைலை மண்பரிசோதனைத் துளைக்குப் பக்கத்திலேயே, ஒரே சீரான வேகத்தில் இறக்கி, அங்கே கிடைத்த கோட்டைத் துளைப் பதிவோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பைல்களுக்குப் போக வேண்டும். ஆகரை வெளியே எடுக்கும்போது அதன் நுனியில் ஒட்டிய மண்ணையும் எடுத்து, துளையில் கிடைத்த மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். கண்ணும் விரலும் சொல்வதை மின்னோட்டக் கோடு சொல்லாது.

இந்தக் கோட்டின் மதிப்பை ஜப்பான் கசப்பாகவே கற்றுக்கொண்டது. யோகோஹாமாவில் நான்கு கட்டடங்கள் கொண்ட ஒரு குடியிருப்பில், 2014இல் இரண்டு கட்டடங்களை இணைக்கும் இடத்தில் கைப்பிடிச் சட்டம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் ஏறி இறங்கி நிற்பதைக் குடியிருப்பவர்கள் கவனித்தார்கள். 2015இல் விஷயம் வெளியே வந்தது: சில பைல்கள் தாங்கு அடுக்கைத் தொடவே இல்லை, சிலவற்றின் ஊன்றல் போதவில்லை; அதோடு, பல பைல்களின் மின்னோட்டப் பதிவும் சிமென்ட் பால் பதிவும் வேறு பைல்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. அவை கான்கிரீட் பைல்கள் என்றாலும், முன்கூட்டித் துளைத்து இறக்கும் முறை இதே குடும்பம்தான். கடைசியில் நான்கு கட்டடங்களையும் இடித்துத் திரும்பக் கட்டினார்கள். ஹேமர் வேலையில் தாங்கு அடுக்கைத் தொடாத பைல் அடிக்க அடிக்க இறங்கிக்கொண்டே போய் நாலு பேர் கண்ணில் பட்டிருக்கும். ஆகர் வேலையில் அது ஒரு தாளில் மட்டும் தெரிகிறது. அந்தத் தாளைப் பைல் இறங்கிய அன்றே, இறங்கிய இடத்திலேயே, இரண்டு தரப்பும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். வாரக் கடைசியில் கட்டாகச் சேர்த்து அனுப்புகிற பதிவுக்கு மதிப்பில்லை.

இறக்கை வைத்த பைல்

குழாயின் அடியில் திருகு இறக்கை ஒன்றை வெல்டிங் செய்து, மரத்தில் திருகாணி முறுக்குவதுபோல மண்ணில் முறுக்கி இறக்குவது மூன்றாவது. இறக்கையின் விட்டம் குழாயைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 500 மி.மீ. குழாய்க்கு 1000 மி.மீ. இறக்கை என்றால் முனைப்பரப்பு நான்கு மடங்காகிறது. மண் வெளியே வருவதில்லை. பக்கவாட்டில் நெருக்கப்பட்டு அங்கேயே நிற்கிறது. சிமென்ட் இல்லை, சேறு இல்லை, லாரி இல்லை. நிலம் மாசுபட்ட இடமென்றால் மண்ணை வெளியே எடுக்காததே பெரிய காரணமாகிவிடும். எதிர்ப்பக்கம் சுழற்றினால் பைல் வெளியே வந்துவிடும் என்பதால் குத்தகை நிலத்தில் கட்டுபவர்களுக்கும் இது பிடித்துப்போனது. எனக்கும் இடம் அனுமதித்தால் இதுதான் முதல் தேர்வு.

அளவுகோல் இங்கே தெளிவு. ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறது, அதற்கு எவ்வளவு முறுக்குவிசை தேவைப்படுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த மண்ணில் ஒரு சுற்றுக்கு இறக்கையின் திருகிடை அளவுக்கு (திருகின் ஒரு சுற்றுக்கான உயரம்) இறங்கும். தாங்கு அடுக்கில் நுழைந்ததும் முறுக்குவிசை ஏறும், சுற்றுக்கு இறங்கும் அளவு குறையும். இரண்டும் சேர்ந்து நடந்தால் நல்ல செய்தி. இறக்கம் குறைந்து முறுக்குவிசையும் குறைந்தால் பைல் அதே இடத்தில் வெறுமனே சுற்றி மண்ணைக் கடைந்துகொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி, கொஞ்சம் எதிர்ப்பக்கம் சுழற்றி, மேலிருந்து அழுத்தம் கூட்டி மறுபடி தொடங்க வேண்டும். கடைந்த மண் பிறகு தாங்காது.

முறுக்குவிசைக்கு உச்சவரம்பு குழாயின் சுவர்தான். 500 மி.மீ. விட்டம், 9 மி.மீ. தடிப்பு, எஸ்கேகே400 (குழாய் பைலுக்கான ஒரு ஜப்பானிய எஃகுத் தரம்) என்றால், எஃகு இளகும் எல்லை சுமார் 460 கிலோநியூட்டன் மீட்டர். யந்திரம் அதைவிட அதிகம் கொடுக்கக்கூடியதாக இருந்தால், ஓட்டுநரின் நிதானத்தை நம்பாமல் யந்திரத்திலேயே வரம்பை அமைத்துவிட வேண்டும். உருண்டைக் கற்கள் நிறைந்த சரளையில் இந்த முறைக்குப் போகாதீர்கள். இறக்கையின் ஒரு முனை கல்லில் மாட்டினால் பைல் சாயும், அல்லது இறக்கையின் வெல்டிங் கிழியும், கிழிந்தது மேலே தெரியாது.

இன்னும் சில முறைகளைத் தொட்டுச் செல்கிறேன். மண்ணோடு சிமென்ட் பாலைக் கலந்து தூணாக்கி, அதற்குள் வெளிப்புறம் வரிகள் வைத்த குழாயை இறக்குவது உண்டு. தூணின் விட்டம் குழாயைவிடச் சுமார் 200 மி.மீ. பெரிது, பக்க உராய்வு நன்றாகக் கிடைக்கும். அதிர்வு ஹேமரிலும் சாதுவான வகை இருக்கிறது. சாதாரண அதிர்வு ஹேமர் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மண்ணின் இயல்பு அதிர்வெண்ணைக் கடந்து போகும். வீடுகள் ஆடுவது அந்தச் சில நொடிகளில்தான். ஹேமருக்குள் சுழலும் பாரங்களை ஒன்றையொன்று சமன்செய்யும்படி நிறுத்தி, முழு வேகம் பிடித்த பிறகே விலக்கும் வகையில் அந்தக் கட்டம் தவிர்க்கப்படுகிறது. அதிர்வு குறையும், இல்லாமல் போகாது.

சத்தம் வேறு எங்கிருந்தெல்லாம் வருகிறது

யந்திரம் ஓசையில்லாதது என்று விளம்பரம் சொல்லும். தளத்தில் நின்று கேட்டால் வேறு கதை. ஜெனரேட்டர், கிரேன், ஆகரில் ஒட்டிய களிமண்ணை உதற அதை முன்னும் பின்னும் வெடுக்கென்று திருப்பும் ஒலி, குழாயைத் தாங்குகட்டை மேல் போடும் டங் என்ற சத்தம். இவற்றைவிட எரிச்சலூட்டுவது தரையில் விரித்த எஃகுத் தகடுகள். 22 மி.மீ. தடிப்பில் ஒன்றரை மீட்டருக்கு ஆறு மீட்டர் தகடு ஒன்று 1.6 டன். அடியில் மண் சமமாக இல்லாவிட்டால் கிரேனின் சங்கிலிச் சக்கரம் ஏறும்போது ஒரு முனை தூக்கி, இறங்கும்போது பட்டென்று அடிக்கும். அது ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஹேமர் அடி. அதிர்வுமானியில் அன்றைய உச்சம் பைல் இறங்கும் நேரத்தில் பதிவாகாமல் கிரேன் நகரும் நேரத்தில் பதிவாகிறது என்றால் காரணம் இதுதான். தகட்டுக்கு அடியில் மணல் பரப்பி மட்டம் செய்து, ஓரங்களை வெல்டிங் பட்டையால் இணைத்துவிட்டால் பாதி புகார் நின்றுபோகும்.

ஜெனரேட்டரை இடம் மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஒற்றை மூலத்திலிருந்து தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். ஒரே அளவு சத்தமிடும் இரண்டு யந்திரங்களில் ஒன்றை நிறுத்தினால் 3 டெசிபெல்தான் குறையும். வீட்டிலிருந்து 7 மீட்டரில் நிற்பதை 14 மீட்டருக்குக் கொண்டுபோவது ஒரு யந்திரத்தை நிறுத்துவதைவிட மேல்.

தோண்டும் முறைக்கு லாரிக் கணக்கும் சேர்க்க வேண்டும். 1000 மி.மீ. குழாய் 20 மீட்டர் இறங்கினால் உள்ளிருந்து 15 கன மீட்டர் மண் வரும். வெளியே வந்ததும் உப்பி 18, 19 ஆகும். 10 டன் லாரியில் ஒரு பைலுக்கு மூன்று நான்கு நடை. சிமென்ட் கலந்த சேறு ஜப்பானில் தொழிற்கழிவுக் கணக்கில் போகிறது. அதை அள்ளத் தனி வண்டி, தனிச் செலவு. தெருவில் குடியிருப்பவருக்குப் பைல் யந்திரமும் லாரியும் ஒரே வேலையின் சத்தம்தான்.

குழாய்களை ஒன்றன்மேல் ஒன்று வெல்டிங் செய்து நீட்டும் நேரம் சத்தமில்லாத நேரம், தரம் கெடும் நேரமும் அதுவே. 700 முதல் 1016 மி.மீ. விட்டம் வரை இரண்டு விளிம்புகளின் விலகல் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இடைவெளி 1 முதல் 4 மி.மீ.க்குள். காற்று நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் தட்டி கட்டி மறைக்க வேண்டும், இல்லையேல் நிறுத்த வேண்டும். சுழற்றி இறக்கும் பைல்களில் இந்த இணைப்பு முறுக்குவிசை முழுவதையும் கடத்துகிறது. அழுத்தி இறக்குவதில் மன்னிக்கப்படும் ஓட்டை இங்கே மன்னிக்கப்படாது. இணைப்பு சூடாக இருக்கும்போதே நிலத்தடி நீருக்குள் இறக்குவதும் கூடாது. மாலை நேர வரம்பு நெருங்கும்போது இந்தக் காத்திருப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள். அன்றைய கடைசி இணைப்பை மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்கும்படி வேலைத் திட்டத்திலேயே எழுதிவிடுவது மேல்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு பைலையாவது சுமையேற்றிப் பார்க்க வேண்டும். ஹேமரால் தட்டிப் பார்க்கும் சோதனை மலிவு. ஆனால் ஓசையில்லாத தளத்தில் அதற்கு அனுமதி கிடைக்காது. அழுத்தும் முறையில் யந்திரமே ஜாக்கியாகிவிடுகிறது: பக்கத்துப் பைல்களைப் பிடித்துக்கொண்டு சோதனைப் பைலின் மேல் படிப்படியாகச் சுமை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, பைல் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கலாம். இந்த அமுங்கலை அளக்கும் மானியைப் பிடிக்கும் சட்டம் யந்திரத்தையோ எதிர்விசைப் பைல்களையோ தொடாமல், தள்ளி ஊன்றிய தனிக் கால்களில் நிற்க வேண்டும். தொட்டால் எதிர்விசைப் பைல் மேலே எழுவதும் கணக்கில் சேர்ந்துவிடும். இறக்கிய உடனே சோதிக்கவும் கூடாது. மணலில் குறைந்தது 5 நாள், களிமண்ணில் 14 நாள், காலடியில் சிமென்ட் கட்டி இருந்தால் அது வலுவேறும்வரை பைலைச் சும்மா விட்டுவைக்க வேண்டும்.